தொப்பி கழற்றிய பேச்சு

"தொப்பி தலைல இருந்துதா, கழட்டி வச்சிருந்தாரா?" என்று ரோவீனா கேட்டார்.

"கழட்டித்தான் வச்சிருந்தார்" என்றார் ஆர்லிஸ்.

"அப்ப முடிஞ்சுது கதை" என்றார் மேக்சி. காலை உணவுப் பன்னைப் பிளந்து, உள்ளே இருந்த பன்றி இறைச்சித் துண்டை நடுவுக்கு நகர்த்தி, மறுபடி மூடினார். "அடுத்த விஷயத்துக்குப் போவோம். முதல் பக்கத்துப் படம்."

"போகமுடியாது" என்றார் ரோவீனா. "ஆர்லிஸ், அந்த ராத்திரி கோச் ஏன் அப்படிப் பண்ணார்னு உங்களுக்குத் தெரியும்கிறீங்க."

"தெரியும்."

"பத்தொம்பது வருஷமா."

"ஆமாம்."

"யார்கிட்டயும் சொல்லல? உங்க சம்சாரம் டெல்லாகிட்டகூட?"

"டெல்லாவுக்கு ஃபுட்பாலே பிடிக்காது" என்றார் ஆர்லிஸ்.

டால்பர்ட் கூரியர் பத்திரிகையின் விளையாட்டுப் பிரிவு மூன்று மேஜைகளும் ஒரு ஜன்னலும் கொண்டது. ஜன்னல் வழியே பார்த்தால் கல்லூரி மைதானத்தின் விளக்குக் கம்பங்கள் தெரியும். அலபாமாவின் அந்தப் பகுதியில் எந்த ஜன்னல் வழியே பார்த்தாலும் அவை தெரியும் என்று சொல்வார்கள். ரோவீனா பிக்கெட் இரண்டு வருஷம் முன்பு மெம்ஃபிஸிலிருந்து வந்து பிரிவின் ஆசிரியர் ஆனவர். மேக்சி பத்தி எழுதுகிறவர். அவருடைய படம் பத்தியின் மேலே அச்சாகும், இருபது வயது குறைவாக. ஆர்லிஸ் பூன் நிருபர். பந்தைக் கையில் இடுக்கி ஓடும் அமெரிக்க ஃபுட்பாலில் டால்பர்ட் கல்லூரி அணியையும் அதன் கோச் ஹாய்ட் லாஸிட்டரையும் பற்றி ஐம்பத்தேழு வயதில் பாதிக்கும் மேல் எழுதியாயிற்று. அவருக்குப் படம் கிடையாது.

சனிக்கிழமை மைதான வாசலில் லாஸிட்டருக்கு வெண்கலச் சிலை திறக்கிறார்கள். வெள்ளிக்கிழமை பத்திரிகையோடு அவரைப் பற்றிப் பன்னிரண்டு பக்கச் சிறப்பிதழ் வரவேண்டும். இன்று புதன்.

"நாம எழுதி வச்சிருக்கறதை எல்லாம் நேத்து படிச்சேன்" என்றார் ரோவீனா. "அவர் நாய் பேரு இருக்கு. எந்தக் குளத்துல மீன் பிடிப்பார்னு இருக்கு. அவர் சம்சாரம் ஜெனீவா பண்ற பீச் பழ இனிப்போட செய்முறை, அளவோட இருக்கு. அந்த ஆள் எங்கயும் இல்ல. ஆழமா ஒண்ணு வேணும்."

"ஆழம் ஆழம்கறீங்க" என்றார் மேக்சி. "அவர் கோச்சும்மா, கிணறு இல்ல. ஜனங்க இதை வெட்டி ஃப்ரிஜ்ஜுல ஒட்டப்போறாங்க. ஒட்டறதுக்கு ஆழம் எதுக்கு?"

"மெம்ஃபிஸ்ல இருக்கறவங்களுக்கும் ஃப்ரிஜ் இருக்கு. அவங்க படிக்கவும் படிப்பாங்க."

"அதான் அங்க அணி தோத்துட்டே இருக்கு."

ரோவீனா சிரித்தார். பிறகு ஆர்லிஸ் பக்கம் திரும்பினார். "முதல் கட்டுரை உங்களுக்குன்னு வச்சிருக்கேன். அந்த ராத்திரி அதுல இருக்கணும். இல்லைன்னா மேக்சி எழுதட்டும். பழைய கதையை அவர் நல்லாவே சொல்வார்."

"நல்லாவே சொல்வேன்" என்றார் மேக்சி.

ஆர்லிஸ் மேஜையில் கிடந்த பெகான் கொட்டை ஒன்றை எடுத்து உடைத்தார். ஓடு ஒழுங்காகப் பிளந்தது. பருப்பைத் தின்னாமல் கையில் வைத்துக்கொண்டார். இதுவரை ஆயிரம் ஆட்ட அறிக்கை எழுதியிருப்பார். யார் ஓடினான், யார் விழுந்தான், யாருக்குக் கணுக்கால் சுளுக்கு. ஒரு மனிதனைப் பற்றி, அவன் உள்ளபடி, ஒரே ஒரு கட்டுரை எழுதிவிட வேண்டும் என்று வெகுநாளாக ஆசை. அந்த மனிதன் லாஸிட்டர்தான். வேறு யாரையும் அவருக்கு அந்த அளவுக்குத் தெரியாது. சொல்லப்போனால் டெல்லாவைக்கூட.

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க" என்றார்.

*

தொப்பி விஷயம் டால்பர்டில் நிருபர்களுக்கும் புகைப்படக்காரர்களுக்கும் மட்டும் தெரிந்த சட்டம். யாரும் அதைச் சட்டமாகப் போட்டதில்லை. லாஸிட்டர் வேலைக்கு வந்த முதல் வருஷம் ஒரு சாப்பாட்டுக் கடையில் பத்திரிகைக்காரர்களோடு உட்கார்ந்திருந்தவர், தன் பச்சைத் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் கவிழ்க்காமல் நிமிர்த்தி, கிண்ணம்போல வைத்தார். பிறகு கல்லூரித் தலைவரைப் பற்றி மனசில் இருந்ததைச் சொன்னார். ஒரு நிருபர் அதை மறுநாள் போட்டுவிட்டார். லாஸிட்டர் கோபிக்கவில்லை. அந்த நிருபர் பேசினால் அவருக்குக் காது கேட்காமல் போயிற்று, அவ்வளவுதான். இரண்டு மாசம் பார்த்துவிட்டு அந்த ஆள் ரொட்டி வண்டி ஓட்டப் போனார். அதிலிருந்து, தொப்பி தலையில் இருந்தால் எழுதலாம், கழற்றினால் எழுதக் கூடாது.

அதனால் சில வேடிக்கைகளும் நேர்ந்தன. தொப்பி இல்லாத லாஸிட்டரின் படம் கூரியரில் ஒன்றுகூட வந்ததில்லை. உச்சியில் வழுக்கை என்பது பக்கத்து ஊர்க்காரர்களுக்குத் தெரியாது. தேவாலயத்தில் அவர் வெறுந்தலையோடு உட்கார்ந்திருப்பதால் ஆர்லிஸ் அங்கே அவரிடம் ஃபுட்பால் பற்றி வாய் திறப்பதே கிடையாது. வானிலை பற்றியும் பாதிரியாரின் முதுகுவலி பற்றியும் பேசுவார்கள். வாரத்தில் அவர்கள் மனிதர்கள்போலப் பேசிக்கொள்வது அந்த ஒரு மணி நேரம்தான்.

ஆர்லிஸ் ஃபுட்பால் ஆடியதில்லை. மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்த அப்பா அவரை ஆடச் சொன்னதுமில்லை. பள்ளியில் நாடகத்துக்குத் திரை இழுத்தார். கூரியரில் முதலில் கிடைத்த வேலை, வெள்ளிக்கிழமை இரவுகளில் ஊர் ஊராகத் தொலைபேசியில் வரும் பள்ளி ஆட்டங்களின் முடிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வது. சத்தமான ஊர்களில் சத்தமில்லாத மனிதருக்கு ஒரு மதிப்பு உண்டு. அவரிடம் தவறு குறைவு என்று கண்டு கல்லூரிக்கு அனுப்பினார்கள். பத்திரிகையாளர் மாடத்தில் யாரும் கைதட்டக் கூடாது, குதிக்கக் கூடாது. மற்றவர்களுக்கு அது கஷ்டம். ஆர்லிஸ் தன் சொந்தக் கல்யாணத்திலும் அப்படித்தான் நின்றார் என்று டெல்லா சொல்வார்.

ஹேக்கெட் கல்லூரியுடன் நடந்த அந்த ஆட்டத்தின்போதும் மாடத்தில் அசையாமல்தான் உட்கார்ந்திருந்தார்.

டால்பர்டில் ஐந்து வயதுப் பிள்ளைகூட அதைச் சொல்லும். மழை. மூன்றாம் பகுதியில் ஸ்கோர் பலகை ஈரத்தில் அணைந்துவிட்டது. ஆட்டம் முடியச் சில நொடிகள் இருக்கும்போது டால்பர்ட் பையன் ஒருவன் பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டான். அதற்கு ஆறு புள்ளி. இப்போது ஹேக்கெட் இருபத்தொன்று, டால்பர்ட் இருபது. கோட்டைத் தாண்டிய அணிக்கு மேலும் ஒரு வாய்ப்பு உண்டு. இரண்டு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஒரு புள்ளி. உதைக்காமல் இன்னொரு முறை கோட்டைத் தாண்டினால் இரண்டு. உதைப்பது சுலபம், தாண்டுவது கடினம். அந்தக் காலத்தில் ஆட்டம் சமனாகவும் முடியலாம். சமன் ஆனாலே அந்த வருஷக் கோப்பை டால்பர்டுக்கு. உதைக்க வேண்டியதுதான் பாக்கி. லாஸிட்டர் இரண்டு விரலைக் காட்டினார். பையன்கள் ஓடினார்கள். கோட்டுக்கு ஒரு கை தூரத்தில் சேற்றில் புதைந்தார்கள்.

ஒரு புள்ளியில் தோல்வி. கோப்பை ஹேக்கெட்டுக்குப் போயிற்று. மறுநாள் ஞாயிறு காலை ஊர் லாஸிட்டரைத் தின்றிருக்கும். ஆனால் மேக்சியின் பத்தி முந்திக்கொண்டு வந்தது. "சமனுக்காக நாங்கள் ஆடுவதில்லை" என்று கோச் சொன்னதாக அதில் ஒரு வரி. தேவாலயத்தில் லாஸிட்டர் நுழைந்தபோது ஜனங்கள் எழுந்து நின்றார்கள். அந்த வரி பனியன்களில் ஏறியது. முடிதிருத்தும் கடையில் சட்டம் போட்டு மாட்டினார்கள். அடக்கம் செய்யும்போது பாதிரியார் அதைச் சொல்ல வேண்டும் என்று உயில் எழுதியவர்கள் உண்டு. இப்போது சிலையின் பீடத்தில் கருங்கல்லில் வெட்டியிருக்கிறார்கள்.

அந்த ஞாயிற்றுக்கு மறுநாள் திங்கட்கிழமை ஆர்லிஸின் கார் கிளம்பவில்லை. லாஸிட்டர் தன் சின்ன லாரியில் ஏற்றிக்கொண்டார். அந்த லாரிக்குள் மாட்டுத் தீவன மூட்டைகள், விரல் கனத்துக்கு அழுக்கு, நிறுத்த முடியாமல் சிக்கிக்கொண்ட ஹீட்டர். ரயில்வே கேட்டில் நின்றபோது லாஸிட்டர் தொப்பியைக் கழற்றி முன்கண்ணாடிக்கு அடியில் வைத்தார். அப்புறம் சொன்னார்.

ஆர்லிஸ் கேட்டுக்கொண்டார். வீட்டு வாசலில் இறங்கி நன்றி சொன்னார். அன்று இரவு இடதுபக்கத் தடுப்பாட்டக்காரனின் கணுக்கால் பற்றி எழுதினார். அதன்பின் ஒவ்வொரு வருஷமும் அந்த ஆட்டத்தின் நினைவு நாளில் யாராவது அவரிடம் கேட்பார்கள், நீங்க கூடவே இருந்தவராச்சே, ஏன் அப்படிப் பண்ணாராம் என்று. வீரம்தான் என்பார் ஆர்லிஸ். பொய் சொல்லும்போது அவருக்கு இடது காது சிவக்கும். யாரும் கவனித்ததில்லை.

*

வியாழன் பயிற்சி முடிந்து லாஸிட்டர் வீட்டுக்குப் போனபோது பின்கதவு திறந்திருந்தது. ஜெனீவா சமையலறையில் கெளுத்தி மீனைச் சோளமாவில் புரட்டிக்கொண்டிருந்தார்.

"வா ஆர்லிஸ். காலைத் துடைச்சுட்டு வா. நேத்துதான் மெழுகினேன், சனிக்கிழமை ஊரே வரப்போகுதுன்னு."

"வாசனை வாசல் வரைக்கும் வருது, மிஸ் ஜெனீவா" என்றார் ஆர்லிஸ். அந்தப் பக்கம் கல்யாணமான பெண்களையும் மரியாதைக்கு மிஸ் என்பார்கள்.

"அது மீன் இல்ல. அவர் ஷூ."

லாஸிட்டர் பின்கட்டில் நாற்காலியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். தலையில் தொப்பி. அறுபத்தெட்டு வயசு. கழுத்து கழுத்தாக இல்லை, தலையும் தோளும் நேராக ஒட்டியிருந்தன.

"என்னடா, இறுதிச்சடங்குக்கு வந்த மாதிரி சட்டை போட்டிருக்க?" என்றார். "சிலைதான் வைக்கறாங்க. நான் இன்னும் போகல."

"ஒண்ணு கேக்கணும், கோச்."

"இடதுபக்கப் பையன் முட்டி சரியாயிடுச்சு. எழுதிக்கோ."

"அது இல்ல." ஆர்லிஸ் எதிர்நாற்காலியில் உட்கார்ந்தார். பேனாவை எடுக்கவில்லை. "ஹேக்கெட் ஆட்டம். நீங்க லாரில வச்சு சொன்னது. அதை எழுதணும்னு ஆபீஸ்ல கேக்கறாங்க. நான் எழுதமாட்டேன்னு சொல்லிடப்போறேன். ஆனா சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவை உங்ககிட்ட கேட்டுடலாம்னு. நீங்க வேண்டாம்னா விட்டுடறேன். மேக்சி எழுதட்டும்."

லாஸிட்டர் ஒரு ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"இப்ப எதுக்குக் கேக்கற?"

"அன்னிக்கு நீங்க தொப்பியைக் கழட்டி வச்சுட்டுச் சொன்னீங்க."

"எங்க?"

"லாரில. கண்ணாடிக்கு அடியில வச்சீங்க."

லாஸிட்டர் யோசித்தார். அவர் யோசிக்கும்போது உதடுகள் அசையும், ஆட்டக்காரர்களுக்கு எண் சொல்வதுபோல. பிறகு ஷூவைக் கீழே வைத்தார்.

"அந்த லாரில ஹீட்டர் நிக்காதுடா" என்றார். "வெந்துட்டிருந்தேன்."

சமையலறையில் எண்ணெய் சடசடவென்றது.

"ஜெனீவா" என்று கூப்பிட்டார் லாஸிட்டர். "இங்க வா. இவன் சொல்றதைக் கேளு."

ஜெனீவா மாவுக் கையோடு வாசற்படியில் வந்து நின்றார்.

"அந்தத் திங்கக்கிழமை நான் இவன்கிட்ட சொன்னேன்ல. ஏன் பேப்பர்ல வரலன்னு நீ கேட்டுட்டே இருந்தியே. ஏன் தெரியுமா? எனக்கு வேர்த்துதாம்."

"என்னது?"

"வேர்த்துதுன்னு தொப்பியைக் கழட்டினேன். இவன் எழுதக் கூடாதுன்னு எடுத்துக்கிட்டான்."

ஜெனீவா ஆர்லிஸைப் பார்த்தார். கோபமா சிரிப்பா என்று தெரியாத முகம். கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பு என்று தெரிந்தது. தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை.

"பெட்டி" என்றார். "ஹாய்ட், அந்தப் பெட்டிங்க."

"ஆமா."

"மளிகைக்கடைக்குப் போய்ப் பழப்பெட்டியா வாங்கிட்டு வந்தேன், ஆர்லிஸ். நாளைக்குப் பேப்பர்ல வந்ததும் ஊரை விட்டு அனுப்பிடுவாங்க, பாத்திரமெல்லாம் கட்டணுமேன்னு. பாதிப் பாத்திரத்தைக் கட்டியும் வச்சுட்டேன். செவ்வாக்கிழமை காலைல நாங்க ரெண்டு பேரும் ராத்திரி உடுப்போட வாசல்ல நிக்கறோம். பேப்பர் வந்துது. பிரிச்சா யாரோ ஒரு பையனோட கணுக்கால்."

"இடதுபக்கத் தடுப்பாட்டக்காரன்" என்றார் ஆர்லிஸ்.

"கிறிஸ்மஸ் சாமானெல்லாம் இன்னும் அந்தப் பெட்டிங்கள்லதான் இருக்கு" என்றார் ஜெனீவா. எண்ணெயைப் பார்க்க உள்ளே போனார்.

லாஸிட்டர் குனிந்து அடுத்த ஷூவின் முடிச்சை அவிழ்த்தார். "நான் என்ன நெனச்சேன் தெரியுமா? நீ யோசிச்சுப் பார்த்து, பாவம் இந்த ஆளு, பொழச்சுப் போகட்டும்னு விட்டுட்டேன்னு நெனச்சேன். உனக்கு நன்றி சொல்லணும்னு இருந்துது. சொன்னா, உன் வேலையை நீ ஒழுங்காப் பண்ணலன்னு சொல்ற மாதிரி ஆயிடும். அதான் பெகான் அனுப்பினேன்."

"பெகானா?"

"கிறிஸ்மஸ் தோறும் வருதே, ஒரு மூட்டை. எங்க மரத்துல காய்க்கறது."

"அது எல்லாருக்கும் அனுப்பறீங்கன்னு நெனச்சேன்."

"எல்லாருக்கும் எதுக்குடா அனுப்பறேன்? மேக்சிக்கா?"

ஆர்லிஸ் தரையைப் பார்த்தார். பத்தொன்பது கிறிஸ்மஸ். டெல்லா அதில் இனிப்பு செய்வார், மிச்சத்தை அவர் ஆபீஸுக்கு எடுத்துப்போவார், மேஜையில் இறைத்து வைப்பார். யாரும் காக்கச் சொல்லாத ஒரு ரகசியத்தை இத்தனை காலம் தூக்கிச் சுமந்ததற்குக் கூலி அது. இடது காது சூடாவதை உணர்ந்தார். பொய் எதுவும் சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டார்.

"எனக்குக் கொஞ்சம் சிரிக்கலாம்னு இருக்கு" என்றார்.

"சிரி. யாரு வேண்டாம்னா?"

ஆனால் ஆர்லிஸ் சிரிக்கவில்லை. "சனிக்கிழமை சிலை, கோச். அந்த வரி கல்லுல இருக்கு. இப்ப எழுதினா..."

லாஸிட்டர் எழுந்து, வெறும் சாக்ஸோடு பின்கட்டு வேலி வரை போனார். நாய் கூடவே போயிற்று. வேலிக்கு அப்பால் மைதான விளக்குகள் இன்னும் எரியவில்லை. ஆர்லிஸ் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனிதர் வேண்டாம் என்று சொன்னாலும் தனக்கு வருத்தமில்லை என்று தோன்றியது. மேக்சி எழுதட்டும். தன்னிடம் கட்டுரை இல்லாவிட்டாலும் வந்து உட்கார இந்தப் பின்கட்டு இருக்கிறது.

லாஸிட்டர் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"ஞாயித்துக்கிழமை எழுந்து நின்னாங்கடா எல்லாரும்" என்றார். "ஒரு கிழவர் என் கையைப் பிடிச்சுட்டு அழுதார். அதுக்கப்புறம் அந்த ஜனங்க முகத்தைப் பார்க்கறப்பல்லாம், அவங்க என் பக்கத்துல நிக்கற வேற யாரையோ பார்க்கற மாதிரியே இருக்கும். இப்ப அந்த வேற ஆளுக்குச் சிலையும் வச்சாச்சு."

தொப்பியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக் காது வரை இறக்கினார்.

"இருக்கா தலைல?"

"இருக்கு."

"நல்லாப் பாரு. அப்புறம் வேர்த்துது கிர்த்துதுன்னு சொல்லாத. பேனாவை எடு."

ஆர்லிஸ் எடுத்தார்.

"மூணாம் பகுதில நாங்க உதைச்ச ஒரு பந்து கம்பத்துல பட்டுது. டங்குனு சத்தம் கேட்டுது. போச்சுன்னு நெனச்சு நான் திரும்பி, உதைச்ச பையனைத் திட்ட ஆரம்பிச்சுட்டேன். அது கம்பத்துல பட்டு உள்ள விழுந்துதுன்னு பார்க்கல. ஒரு புள்ளி. அப்பவே பலகையும் அணைஞ்சுபோச்சு. கடைசி வரைக்கும் என் கணக்குல ஒண்ணு குறைச்சல். இருபத்தொண்ணுக்குப் பத்தொம்பதுன்னு நெனச்சுட்டு நிக்கறேன். ரெண்டு எடுத்தாத்தான் சமன்."

"உதவி கோச்சுங்க யாரும் சொல்லலையா?"

"என்கிட்ட யாரு ரெண்டாவது தடவை கேட்டாங்க? அப்படிப் பழக்கி வச்சிருந்தேன். ஆட்டம் முடிஞ்சு ஹேக்கெட் கோச்சுக்குக் கை குடுக்கப் போனேன். 'உங்க தைரியம் எனக்கு வராதுய்யா, நானா இருந்தா உதைச்சு சமன் பண்ணியிருப்பேன்'ன்னார். அப்பதான் கணக்கு புரிஞ்சுது. எழுதிக்கோ. நான் சமனுக்காகத்தான் ஆடினேன்."

ஆர்லிஸ் எழுதிக்கொண்டார்.

"மேக்சி எழுதினானே, அந்த வரி. அது நான் சொல்லவே இல்ல."

"தெரியும், கோச்."

"ஆனா நல்லாத்தான் இருந்துது" என்றார் லாஸிட்டர். "எனக்கே அப்படி ஒண்ணு தோணியிருந்தா தேவலையேன்னு இருந்துது."

ஜெனீவா மூன்று தட்டு கொண்டுவந்தார். சாப்பிடும்போது லாஸிட்டர் தொப்பியைக் கழற்றவில்லை. சாப்பாட்டு மேஜையில் அப்படி உட்கார ஜெனீவா அவரை விட்டது அன்று மட்டும்தான்.

*

ஆர்லிஸ் ஆபீஸில் உட்கார்ந்து எழுதியதை ரோவீனா முதலில் படித்தார். படித்துவிட்டு எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். திரும்பி வந்து தலைப்பை மட்டும் மாற்றினார்.

"ஹீட்டரை எடுத்துடலாமா?" என்றார். "உங்களைக் கொஞ்சம் கேலி பண்ற மாதிரி இருக்கு."

"இருக்கட்டும். அது இல்லாட்டி ஏன் இத்தனை வருஷம் ஆச்சுன்னு தெரியாது."

"ஆழம் போதுமா?" என்று மேக்சி தன் மேஜையிலிருந்து கேட்டார்.

"வந்து படிங்க" என்றார் ரோவீனா.

மேக்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து நின்றபடியே படித்தார். நடுவில் ஓரிடத்தில் நின்று, முதலிலிருந்து தொடங்கினார். முடித்தபோது கழுத்து சிவந்திருந்தது.

"அந்த வரியை எங்கேருந்து எடுத்தேன்னு ஒருத்தன்கூட என்னைக் கேட்டதில்ல" என்றார்.

"நான் கேட்டிருக்கணும்" என்றார் ஆர்லிஸ்.

"கேட்டா என்ன சொல்லியிருப்பேன்? பத்தி குடுக்க இருபது நிமிஷம் இருந்துது. மழைல அவர் பக்கத்துலயே போகமுடியல. அவர் சொல்லியிருப்பார்னு தோணுச்சு. எழுதிட்டேன்." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "இதுல 'ஒரு பத்திரிகையாளர் எழுதிய வரி'ன்னு போட்டிருக்க."

"உங்க பேரைப் போடவேண்டாம்னுதான்."

மேக்சி மேஜையிலிருந்து ஒரு பெகானை எடுத்து உடைத்தார்.

"பேரைப் போடு" என்றார்.

"நெஜமாவா?"

"ஏம்பா, கல்லுல வெட்டியிருக்காங்க. பேரில்லாமப் போட்டா வேற எவனாவது நான்தான் எழுதினேன்னு சொல்லிக்கப்போறான்."

ரோவீனா பெயரைச் சேர்த்தார். மேக்சி எழுத்துக் கூட்டல் சரியா என்று எட்டிப் பார்த்தார். பிறகு இன்னொரு பெகானுக்குக் கை நீட்டினார். ஆர்லிஸ் அந்தக் குவியலைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல" என்றார் ஆர்லிஸ். கொஞ்சம் யோசித்துவிட்டுப் பாதியை மேக்சி பக்கம் தள்ளினார்.

*

வெள்ளிக்கிழமை காலை மழை பெய்தது. பத்து மணிக்கு விட்டது. சிறப்பிதழ் நனையாமல் இருக்க விநியோகஸ்தர்கள் பிளாஸ்டிக் பையில் போட்டு எறிந்திருந்தார்கள். ஆபீஸுக்கு ஏராளமான தொலைபேசி அழைப்புகள் வந்தன. பெரும்பாலானவர்கள் நம்பவில்லை. கோச் எப்போதும் தன்னடக்கம் உள்ளவர், அதனால்தான் இப்படிச் சொல்கிறார் என்றார்கள். ஆர்லிஸ் பூன் ஆரம்பத்திலிருந்தே ஹேக்கெட் ஆள் என்று ஒருவர் சொன்னார். சந்தாவை நிறுத்துவதாகச் சொன்ன ஒரு பெண்மணி, ஜெனீவாவின் பீச் இனிப்புச் செய்முறையில் சர்க்கரை அளவு சரிதானா என்றும் கேட்டார். சரிதான் என்று ரோவீனா சொன்னார். சிலைக் கமிட்டிக்காரர் கல்லை மாற்ற நேரமில்லை, பணமும் இல்லை என்றார். மதியம் முடிதிருத்தும் கடையில் அந்த வரி போட்ட சட்டம் அதே இடத்தில் மாட்டியிருந்தது. அதன் பக்கத்தில் ஆர்லிஸின் கட்டுரையை வெட்டி ஒட்டியிருந்தார்கள். டெல்லா கட்டுரையைக் கடைசி வரை படித்துவிட்டு, புள்ளி எண்ணுவது எப்படி என்று இப்போதுதான் புரிந்தது என்றார். மூன்று மணிக்குப் பயிற்சி நடந்தது. லாஸிட்டர் தொப்பி போட்டிருந்தார். தரை ஈரமாக இருக்கிறது, இடதுபக்கப் பையன் ஆடுவான், சனிக்கிழமைக்கு முன்னால் வேறு சொல்ல ஒன்றுமில்லை என்றார். ஆர்லிஸ் ஈரத் தரையைப் பற்றிப் பதினெட்டு வரி எழுதிக் கொடுத்துவிட்டு ஆறு மணிக்கு வீட்டுக்குப் போனார்.